ஒற்றை விரலுக்கு விழுந்த கைதட்டல்

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இசைக்குழு மேடையில் ஏறி, நிரந்தர வேலை கிடைத்ததும் இறங்கிவிட்டவளை வேறு எப்படிச் சொல்வது? இப்போது பகலில் பள்ளிக்கூடம். பின்னேரத்தில் ஹட்டன் கடைத்தெருவுக்கு மேலே ஒரு அறையில் உங்களுக்குக் கீபோர்ட் வகுப்பு.

போன கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், ஒரு கீயை அமத்துனா பாட்டு முழுக்க அதுவே வாசிச்சிருது. அப்ப நாங்க எதுக்கு?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். வீடு போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வி என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எந்த பட்டனை அமத்தினால் எந்தச் சத்தம் வரும் என்பதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் வராமல் போனால் கை என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. நான் சொல்ல வருவது அதைப் பற்றியும், பொறாமையைப் பற்றியும். மேடையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி பொறாமையால் கற்றுக்கொண்டது. மீதிப் பாதியையும் யோசித்துப் பார்த்தால் அதுவும் அப்படித்தான்.

முதலில் ஒரு சின்னக் கதை. கந்தப்பளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணம். மேளக்காரர்கள் வர வேண்டிய வேன் வழியில் நின்றுவிட்டது. முகூர்த்தம் நெருங்குகிறது. எங்கள் இசைக்குழுவை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் லீடர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் காதருகே வந்து, தாலி கட்டும்போது நாதஸ்வரச் சத்தத்தில் நாலு வரி வாசி, மற்றதைத் தாளக்காரர் பார்த்துக்கொள்வார் என்றார். எனக்கு ஒரே பதற்றம். ஐயர் கையை உயர்த்தினார். நான் நாதஸ்வரத்துக்கான பட்டன் என்று நினைத்து அமத்தியது அதற்குப் பக்கத்தில் இருந்த டெமோ பட்டன். வெளிநாட்டு டான்ஸ் இசை ஒன்று, டிரம்பெட் எல்லாம் சேர்த்து, பந்தலே அதிரும்படி கிளம்பியது. நிறுத்தத் தெரியாமல் நான் மெஷினையே அணைத்தேன். அதற்குள் தாலி அந்த டிரம்பெட்டோடு ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடி வந்து, "பரவால்ல தங்கச்சி, வெள்ளக்கார துரை வந்து ஆசீர்வாதம் பண்ணுன மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து, மேடையில் தேவைப்படாத பட்டன்களின் மேல் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டி வைப்பேன். நீங்களும் ஒட்டுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வெறிபிடித்ததுபோல் பழகினேன். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லித்தந்த யாழ்ப்பாணத்து டீச்சர், "உந்த மெஷினில என்னென்ன இருக்கெண்டு பாக்கிறதை விட்டிட்டு விரலைப் பழக்கு பிள்ளை" என்று திட்டித் திட்டி என் இடது கையையும் வலது கைக்குச் சமமாக்கினார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருந்த காலத்தில் பத்து விரலும் எனக்கு நன்றாகவே பேசின. ஹட்டன், கொட்டகலைப் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை கீபோர்ட் வாசிப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும். அது எனக்குப் பிடிக்கும். கைதட்டல் பிடிக்காது என்று யாராவது மேடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படி இருந்தபோதுதான் அவன் வந்தான். பேர் வேண்டாம். இப்போது வெளிநாட்டில் பெரிய மேடைகளில் இருக்கிறான். தலவாக்கலைக்காரன் என்றே சொல்கிறேன். என்னைவிட நாலைந்து வயது கூட. அண்ணன் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புது மெஷினைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒத்திகை அறைக்குள் வந்தான். அந்த மாதிரி மெஷினை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. வெளியில் உள்ள எந்தச் சத்தத்தையும் அதற்குள் பதிந்து, ஒரு கீயில் கட்டி வைக்கலாம். அந்தக் கீயை அமத்தினால் பதிந்தது அப்படியே வரும். இன்று உங்களுக்கு இது அதிசயமில்லை. அன்று அந்தச் சின்ன அறையில், இடது பக்கத்துக் கடைசிக் கீயை அவன் ஒரு விரலால் தொட்டதும் ஐம்பது வயலின் ஒன்றாக எழுந்தது. அதற்கு அடுத்த கீயில் பெண்களின் குழுக் குரல். அதற்கும் அடுத்ததில் தப்பும் உறுமியும்.

டோலக் வாசிப்பவர் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் நின்றார். எங்கள் பாடகி அக்கா, "ஆத்தாடி" என்றார்.  லீடரின் பார்வை என் பழைய கீபோர்டுக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

முதல் நிகழ்ச்சியிலேயே அவன் ஒரு வித்தை கண்டுபிடித்துவிட்டான். கையைத் தலைக்கு மேலே தூக்குவான். கூட்டத்தைப் பார்ப்பான். எல்லோரும் அந்த விரலையே பார்க்கும்வரை காத்திருப்பான். பிறகு மெதுவாக இறக்கி, ஒரு தொடு. வயலின் பொங்கும். விசில் பறக்கும். அவன் நெற்றியைத் துடைத்துக்கொள்வான், என்னவோ கொழுந்து மூட்டை சுமந்தவன் மாதிரி. அதே பாட்டில் நான் பத்து விரலாலும் ஓடி ஓடி வாசித்த பிட் ஒன்று உண்டு. அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

அவன் சோம்பேறியாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. அந்த ஐம்பது வயலினையும் அவனே ஒவ்வொன்றாக வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பதிந்தவன். தப்புச் சத்தத்துக்காக ஒரு தோட்டத்துக்குப் போய், தப்படிப்பவர்களோடு ஒரு ஞாயிறு முழுக்க இருந்து பதிந்துகொண்டு வந்தவன். பேச்சும் கலகலப்பு. நான் படித்தவள் என்பதால் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுவான். "டீச்சரம்மா பத்து வெரலு, நான் ஒத்த வெரலு. சம்பளம் ரெண்டு பேருக்கும் ஒன்னுதான்" என்பான். அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் அவன் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் அவன் கை முழுக்கத் தெரியும். எந்த விரல், எந்தக் கீ, எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பதிந்த இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, வீட்டுக்குப் போய், அந்த வயலின் பிட்டை என் பத்து விரலில் வாசிக்கப் பழகினேன். மேல் குரலை வலது கை, கீழ்க் குரலை இடது கை. எதற்கு? உன் மெஷின் செய்வதை என் கையாலேயே செய்வேன் என்று என்றாவது எல்லோர் முன்னாலும் காட்டுவதற்கு. பஸ்ஸில் போகும்போது கூட மடியில் விரல் ஓடும். அந்த மெஷின் எப்படியெல்லாம் அவன் காலை வாரும் என்று கற்பனை செய்வது என் பொழுதுபோக்கு. கரண்ட் போனால் பதிந்து வைத்தது எல்லாம் அழிந்துவிடும், மறுபடி பிளொப்பி டிஸ்க்கிலிருந்து ஏற்ற வேண்டும், கூட்டம் கூச்சல் போடும் என்றெல்லாம் யோசித்துச் சந்தோஷப்படுவேன். நாசமாய்ப் போன கரண்ட் ஒரு நிகழ்ச்சியிலும் போகவில்லை.

ஏப்ரல் நெருங்கியது. நுவரெலியா சீசன் உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரையில் மேடை, கொழும்பிலிருந்தெல்லாம் வந்து நிற்கும் சனம். எங்கள் குழுவுக்கு முதல் தடவையாக அங்கே ஒரு பின்னேரம் கிடைத்திருந்தது. மேடை சின்னது, ஒரு கீபோர்டுக்குத்தான் இடம் என்று லீடர் சொன்னார். சொல்லும்போது அவர் என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு வாசிக்கப் போகிறோம், அது முடிந்ததும் யார் என்று சொல்கிறேன் என்றார். அவர் மனதில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு அந்த மேடை வேண்டும். சாப்பாட்டில், தூக்கத்தில், பரீட்சை முடிவில் கூட எனக்கு நினைப்பு இல்லை. ஏரிக்கரை மேடை மட்டும்தான்.

திருவிழா அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நிகழ்ச்சி. தொழிற்சாலைக்கு முன்னால் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் ஒரு லொறியை நிறுத்தி, பக்கப் பலகைகளை இறக்கி விட்டிருந்தார்கள். அதுதான் மேடை. அவனும் நானும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு சின்ன மிக்சர். அவன் வால்யூம், என் வால்யூம், அக்காவின் மைக், எல்லாம் அதில்தான்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் முன்பே ஒன்று சொல்லியிருந்தார். கோயிலிலிருந்து கரகம் எடுத்து வரும் பெண்கள் களத்துக்குள் கால் வைக்கும்போது அம்மன் பாட்டுத் தொடங்க வேண்டும். பாட்டுக் கேட்டதும்தான் கரகம் உள்ளே வரும். கரகம் நிற்கக் கூடாது, அது மட்டும் பாத்துக்கங்க என்றார். தலவாக்கலைக்காரன், "நீங்க கவலப்படாதீங்க தலைவரே, ஒரு வெரல்ல அம்மனையே கூப்புடுறேன்" என்றான்.

மலைக்கு மேலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு பாட்டிலேயே அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் எங்கள் பக்கம் திரும்பி, "அரைக்கட்ட எறக்கிக்கங்க, மேல எட்டல" என்று சைகையோடு சொன்னார். பாட்டு முழுவதையும் பாடகியின் தொண்டைக்கு வசதியாக ஒரு சின்னப் படி கீழே கொண்டு வருவதைத்தான் அரைக்கட்டை இறக்குவது என்போம். டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தடவை அமத்தினால் போதும், விரலை மாற்றாமலே எல்லாம் இறங்கிவிடும். நான் என் மெஷினில் அமத்தினேன். அவன் தன் மெஷினில் அமத்தினான். அடுத்த பாட்டுகளில் அவன் ஒற்றை விரல் வித்தைக்கு வேலை இல்லை, அப்படியே போயின. ஒரு குறையும் இல்லை.

கரகம் வந்தது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்து வளைவில் மஞ்சள் சேலைகள் தெரிந்தன. களத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். கூட்டம் முழுக்க லொறியைப் பார்த்தது. அவன் கையைத் தூக்கினான். எல்லோரும் விரலைப் பார்க்கும்வரை காத்திருந்தான். இறக்கினான். தொட்டான்.

சத்தமே இல்லை.

இன்னொரு தரம் தொட்டான். இல்லை. கரகம் நிற்கிறது. தலையில் சுமந்த பெண் அசையாமல் நிற்கிறாள், அவள் முன்னால் வேப்பிலை பிடித்தவர் எங்களையே பார்க்கிறார். கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவி சத்தமாக அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இந்த மாதிரி நேரத்தில் இசை வராமல் போனால் அதை மெஷின் கோளாறு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. நானும் அதே பட்டனை அமத்தியவள்தானே. டிரான்ஸ்போஸ் செய்ததும் எல்லாக் கீயும் ஒரு படி நகர்ந்துவிட்டது. வயலின் இப்போது கடைசிக் கீயில் இல்லை, அதற்கு அடுத்த கீயில் இருக்கிறது. அவன் விரல் இன்னும் கொஞ்சத்தில் அங்கே போகும். போனால் வயலின் வரும். ஆனால் பதிந்த வயலின் பதிந்தபடிதான் வரும். அது அரைக்கட்டை இறங்காது. அக்கா கீழே பாட, ஐம்பது வயலின் மேலே இழுக்கும். சத்தம் வராமல் இருப்பதைவிட அது மோசம்.

அவனுக்கு அடுத்த கீயைக் காட்டுவது சுலபம். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்யத் தோன்றும். எனக்கும் ஒரு கணம் விரல் நீண்டது. ஆனால் நான் மிக்சருக்குக் கை நீட்டினேன். அவன் வால்யூமைப் பூச்சியத்துக்கு இறக்கினேன். எத்தனையோ நாளாக நான் தொட ஆசைப்பட்ட வால்யூம் அது. பிறகு பத்து விரலையும் வைத்து வயலினைத் தொடங்கினேன்.

டோலக்காரர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அடுத்த அடியில் சேர்ந்துகொண்டார். கரகம் உள்ளே வந்தது. கூட்டம் குலவை இட்டது. அக்கா பாடினார். இரண்டாவது சரணத்தில் அவருக்கு இருமல் வந்து வரி பாதியில் நின்றது. நான் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். டோலக் உருண்டுகொண்டே இருந்தது. அக்கா மூச்சை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அந்த இடைவெளியைப் பாட்டில் ஒரு அழகு என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். பக்கத்தில் அவன் முகம் வெளுத்துப் போய், விரலை மட்டும் விடாமல் தூக்கித் தூக்கி அமத்திக்கொண்டிருந்தான். செத்த கீயில்.

பாட்டு முடிந்ததும் களம் இரண்டாகும்படி கைதட்டல். தலைவர் லொறியில் ஏறினார். கையில் பொன்னாடை. நான் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். அவர் என்னைக் கடந்து போய், அதைத் தலவாக்கலைக்காரனுக்குப் போர்த்தினார். "ஒத்த வெரல்ல அம்மன எறக்கிட்டாருப்பா இந்தத் தம்பி" என்று மைக்கில் சொன்னார்.

அவன் கும்பிட்டான்.

திரும்பி வரும் வேனில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தான். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லி லீடர் டிரைவரிடம் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். திடீரென்று தலவாக்கலைக்காரன் சொன்னான்:

"லீடர், என் வால்யூமை மூடி வச்சிருந்தாங்க."

"யாரு?"

"டீச்சரம்மா. பாட்டு முடிஞ்சு பாக்குறேன், பூச்சியத்துல கெடக்கு. அதான் சத்தம் வரல. மூடி வச்சிட்டு அவங்க வாசிச்சிருக்காங்க."

லீடர் திரும்பினார். "மூடுனியா தங்கச்சி?"

"மூடினேன். ஆனா அதுக்கு முன்னாலயே சத்தம் வரல."

காரணத்தைச் சொன்னேன். டிரான்ஸ்போஸ், கீ நகர்ந்தது, பதிந்த இசை இறங்காது என்று. அவசரத்தில் ஒன்றின் பின் ஒன்றாகச் சொல்ல வராமல், கேட்பவர்களுக்கு அது சாக்குப்போக்காகத்தான் இருந்திருக்கும். அவனைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தது அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மனதில் இருந்த எண்ணத்துக்கு நான் குற்றவாளிதான். செய்த காரியத்துக்கு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

"சீசனுக்கு யாருன்னு நான் இனி யோசிக்க வேண்டியதில்ல" என்றார் லீடர். அவர் கோபத்தில் சத்தம் போட்டிருந்தால் அழுதிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக நான் நினைத்த அக்காவின் குரல் கரகரத்து வந்தது.

"நான் இருமுனப்ப மியூசிக்கு நின்னுச்சு."

லீடர் சீட்டில் திரும்பி அவரைப் பார்த்தார்.

"இத்தன நாளு நான்தான் அது பின்னால ஓடுவேன். மூச்சு வாங்கக்கூட விடாது. இன்னைக்கு எனக்காக நின்னுச்சு. தம்பி, ஒங்க மெஷினா இருந்தா நின்னிருக்குமா?"

அவன் மடியில் இருந்த பொன்னாடையைப் பிரித்து மறுபடி மடித்தான். 

அடுத்த ஒத்திகைக்கு நான் போகாமலே விட்டிருக்கலாம். போனேன். உள்ளே நுழைந்ததும் லீடரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அண்ணே, அவரோட மெஷின்ல அரைக்கட்ட எறக்கிட்டு அந்தக் கீயை அமத்தச் சொல்லுங்க. வால்யூமை நீங்களே வச்சுக்கங்க. நான் கிட்டவே வரல."

கதவுக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். லீடர் வால்யூமை முழுக்கத் தூக்கினார். அவன் டிரான்ஸ்போஸை ஒரு தடவை அமத்தினான். கடைசிக் கீயைத் தொட்டான். சத்தம் இல்லை. அவன் லீடரின் கையைப் பார்த்தான். லீடர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவன் அடுத்த கீயைத் தொட்டான். ஐம்பது வயலினும் அறையை நிரப்பின.

"பாடுங்க அக்கா" என்றேன்.

அக்கா அன்று மேடையில் பாடிய அதே இறக்கத்தில் முதல் வரியை எடுத்தார். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு அறையில் அலைந்தன. டோலக்காரர் முகத்தைச் சுளித்து, "ஐயோ நிப்பாட்டுப்பா, பல்லு கூசுது" என்றார்.

வயலின் தானாக ஓடி முடியும்வரை அதை நிறுத்த முடியவில்லை. அவ்வளவு நேரமும் எல்லோரும் நின்று கேட்டோம். முடிந்ததும் அவன் என்னைப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு அந்த பிட்டு முழுசையும் கையாலயா வாசிச்சீங்க?"

"பத்து விரலாலயும்."

"எங்க பழகுனீங்க?"

"உங்ககிட்டதான். அந்த ஸ்டூல்ல உக்காந்து உங்க கையையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"எம்மேல அம்புட்டுப் பொறாமையா டீச்சரம்மா?"

"ஆமா" என்றேன். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் தனியாக ஒரு மேடையில் ஏறி நின்றது போல இருந்தது.

அவன் சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, லீடரிடம் போய், வேனில் சொன்னது தப்பு என்று சொன்னான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அதற்காகவும் அவன் மேல் எனக்குப் பொறாமை உண்டு. நானாக இருந்தால் அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க மாட்டேன். பொன்னாடையை மட்டும் அவன் கடைசி வரை திருப்பித் தரவில்லை.

லீடர் வால்யூமை மெதுவாக இறக்கினார். பிறகு, "மேடைக்காரங்கிட்ட நான் பேசிக்கிறேன், நெருக்கிப் போட்டா ரெண்டு கீபோர்டு நிக்கும்" என்றார். "ஆனா அந்த மெஷினு தங்கச்சி முன்னால இருக்கட்டும். தங்கச்சியோட பழசுல நீங்க வாசிங்க தம்பி."

"லீடர், அது என் மெஷினு."

"மெஷினு ஒங்களோடதுதான். எப்ப அமத்தக் கூடாதுன்னு அந்தப் புள்ளைக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

வகுப்பில் என்னைக் கேட்டவளுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். லீடர் எனக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்னொன்றையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். உன் கீயில் கட்டி வைத்திருக்கும் எதையும், ஒரு வேளை வராமல் போனால், உன் விரலால் ஓரளவாவது வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பிட்டைக் கீயில் கட்டாதே. அழகாக வாசிக்க வேண்டும் என்றில்லை. கரகம் நிற்காமல் இருந்தால் போதும்.

சீசன் பின்னேரம் வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தது. ஏரியிலிருந்து காற்று. குடைகளுக்குக் கீழே சனம். மேடையில் நான் அவன் மெஷினுக்கு முன்னால், அவன் என் பழைய கீபோர்டுக்கு முன்னால். அக்காவுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. அரைக்கட்டை இறக்கவில்லை. அதை நான் அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வயலின் வரும் அந்தப் பாட்டு வந்தது. வித்தை எதுவும் காட்டக் கூடாது, பேசாமல் அமத்திவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்திருந்தேன். என் கை தானாகத் தலைக்கு மேலே போனது. சனம் விரலைப் பார்த்தது. நான் காத்திருந்தேன். இறக்கினேன். தொட்டேன்.

ஏரிக்கரை எழுந்து நின்றது மாதிரி இருந்தது. குடைகளை மேலே எறிந்தார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் பத்து விரலால் எத்தனை வருடம் வாசித்தும் வாங்கியதில்லை.

பக்கத்தில் அவன் அதே பாட்டின் கடினமான பிட்டைத் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான். வேகமாக, சுத்தமாக, ஒரு பிசகில்லாமல். ஒருத்தர் கூட அவன் பக்கம் திரும்பவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான், பிறகு என் விரலைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

அதற்கடுத்த ஒத்திகைக்கு நான் எப்போதும்போல முதல் ஆளாகப் போனேன். அறை ஏற்கெனவே திறந்திருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் தலவாக்கலைக்காரன் உட்கார்ந்திருந்தான்.

"வாசிங்க டீச்சரம்மா" என்றான். "நான் சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."